சொல் எங்கே ஏறுகிறது என்று பார்த்துப் பாடுங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வேதவசனங்களுக்கு இசையமைப்பாளர் ஹேண்டல் இசையமைத்த ‘மேசியா’விலிருந்து ஒன்றிரண்டு பகுதிகளையாவது பாடிவிட வேண்டும் என்று நம் ஆலயப் பாடகர் குழுக்கள் ஆசைப்படுகின்றன. பயிற்சியாளராக நான் அடிக்கடி காண்பது, சுரங்களை எல்லாம் மனப்பாடம் செய்து முடித்த பிறகே சொற்களின் பொருளைக் கேட்கும் வழக்கத்தை. 1741 ஆகஸ்ட் 22இல் தொடங்கி செப்டம்பர் 14இல் எழுதி முடிக்கப்பட்ட அந்தப் படைப்பில், பொருள் பல இடங்களில் சுரங்களுக்குள்ளேயே இருக்கிறது.

டெனர் (உயர்ந்த ஆண்குரல்) தனிக்குரலுக்கு அமைந்த ஏசாயா 40:4ஐப் பாருங்கள்: “பள்ளமெல்லாம் உயர்த்தப்பட்டு, சகல மலையும் குன்றும் தாழ்த்தப்பட்டு, கோணலானது செவ்வையாகி, கரடுமுரடானவை சமமாக்கப்படும்.” ஆங்கில மூலத்தில் ‘உயர்த்தப்பட்டு’ என்பதற்கான சொல்லின் ஓர் அசையை மட்டும் விரைவான சுரங்களில் நீட்டிப் படிப்படியாக மேலேற்றுகிறார் ஹேண்டல். மலைக்குக் குரல் உச்சத்தைத் தொடுகிறது. தாழ்வு என்றதும் கீழே இறங்குகிறது. கோணலுக்கு அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கிடையே மாறி மாறி ஆடுகிறது. சமம் என்று வரும்போது ஒரே சுரம் அசையாமல் நீண்டு நிற்கிறது. அந்த நீண்ட சுரத்தில் குரலை நடுக்கி அழகு காட்டுகிறவர்கள், அவர் சமப்படுத்திய தரையில் மறுபடியும் பள்ளம் தோண்டுகிறார்கள். ஏறும் பகுதியிலும், நடுவில் மூச்சு வாங்கினால் ஏற்றம் அறுந்துபோகும். அந்தச் சொல் தொடங்குவதற்கு முன்பே மூச்சை எடுத்துவிட வேண்டும்.

இதைச் சொன்னதும் எல்லா அலங்காரத்திலும் பொருள் தேடக் கிளம்பிவிடுவதும் தவறு. “நாமெல்லாரும் ஆடுகளைப்போல வழிதப்பித் திரிந்து” என்ற ஏசாயா 53:6 கோரஸில் (குழுப்பாடலில்) குரல்கள் சிதறி ஓடுவது ஆடுகளுக்காகவே இயற்றப்பட்டதுபோல் ஒலிக்கும். உண்மையில் அந்த இசையின் பெரும்பகுதி, அதே 1741 ஜூலையில் அவர் எழுதிய இருவர் சேர்ந்து பாடும் ஓர் இத்தாலியக் காதல் டூயட்டிலிருந்து எடுத்தாளப்பட்டது. பழைய மெட்டுக்குப் பொருத்தமான புதுச்சொல்லைக் கண்டுபிடிப்பதும் ஒரு திறமைதான் (பஜனைக்குப் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது தெரியும்).

ஆனால் அந்தக் கோரஸின் முடிவில், கர்த்தர் நம் அக்கிரமத்தை அவர்மேல் (இயேசுவின்மேல்) விழப்பண்ணினார் என்ற சொற்களுக்கு, எஃப் மேஜர் என்ற பிரகாசமான சுரவரிசையில் துள்ளி ஓடிய இசை திடீரென்று மெதுவாகி எஃப் மைனர் என்ற சோகமான சுரவரிசையில் இருண்டு முடிகிறது. தொடக்கத்திலிருந்தே சோகமாகப் பாடினால் இந்தத் திருப்பம் எடுபடாது என்பதால், என் குழுவுக்கு இக்கடைசிப் பகுதியை முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகே ஆடுகளை அவிழ்த்துவிடுகிறேன்.