காந்த வளைவுக்குள் ஓடும் தந்திகள்

ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் ஏ-22 ஹவாயன் கித்தாரைச் சேகரிப்பாளர்கள் 'ஃபிரையிங் பேன்' என்பார்கள். வட்டமான சின்ன உடல், நீண்ட கழுத்து, எல்லாமே வார்ப்பு அலுமினியம். விற்பனைக்கு வந்து ஓடிய முதல் மின்கித்தார் இதுதான்: லாஸ் ஏஞ்சல்ஸ், 1932.

இதை மடியில் கிடத்தி வாசிப்பார்கள். தந்தியை விரலால் கழுத்தோடு அழுத்துவதில்லை. எஃகுத் துண்டு ஒன்றை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள், நம் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை வழுக்குவது போல. கழுத்திலுள்ள கோடுகள் இடம் பார்க்க மட்டும்தான்.

நடனக் குழுவின் இரைச்சலில் கித்தார் கேட்பதேயில்லை என்ற குறைக்குக் கித்தார் கலைஞர் ஜார்ஜ் போஷாம் கண்ட வழிதான் இதன் உயிர். இரண்டு லாட காந்தங்கள் தந்திகளுக்கு மேலே வளைவு போல நிற்கும். ஆறு தந்திகளும் அதற்குள் புகுந்து ஓடும். அடியில் கம்பிச்சுருள், அதற்குள் தந்திக்கு ஒன்றாக ஆறு இரும்புத் துண்டுகள். காந்தத்தின் அருகே இருப்பதால் எஃகுத் தந்தியும் லேசாகக் காந்தமாகிவிடுகிறது. அது அதிரும்போது சுருளின் வழியே போகும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றத்தின் வேகத்துக்கு ஏற்பச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அப்புறம் ஒலிபெருக்கியின் வேலை. நைலான் தந்தி மாட்டினால் ஒன்றும் கேட்காது.

அப்படியானால் உடல் எதுவாக இருந்தால் என்ன? அங்கேதான் அலுமினியம் சிக்கலைக் கொண்டுவந்தது. சூட்டில் அது எஃகைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். மேடை விளக்கில் கருவி 10 டிகிரி சூடேறினால், சுமார் 57 செ.மீ. நீளத் தந்தி 0.06 மி.மீ. கூடுதலாக இழுபடும். முடியளவுதான். ஆனால் மெல்லிய முதல் தந்தியின் சுருதி சுமார் ஒரு சதவீதம் ஏறிவிடும். அது அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. தந்திக்குத் தந்தி இந்த ஏற்றம் மாறுவதால் மொத்தமும் கலைந்துவிடும். 1935 வாக்கில் பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் உடல் வந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: பளபளப்பில் மயங்காமல் காந்தத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை ஒன்றரை அங்குலம், பிந்தியவை ஒன்றேகால். அந்தக் கால எஃகுக் காந்தம் அடிபட்டாலும் சூடுபட்டாலும் வலுக் குறையும், ஒலியும் மெலியும். திரும்பக் காந்தமேற்ற முடியும் என்பதால், ஒலி மெலிந்த கருவியை அதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம்.