ஊருக்குள் 30: வேக வரம்பைக் குறைக்கச் சொல்லி எங்கே, எப்படிக் கேட்பது?

ஊர் நடுவே போகும் சாலையை அகலப்படுத்திப் புதுத் தார் போட்ட மறுவாரமே வண்டிகள் பறக்க ஆரம்பித்துவிடும். யாராவது அடிபட்டால் சாலை மறியல், தாசில்தார் வருவார், வேகத்தடை போட்டுத் தருகிறோம் என்பார், கூட்டம் கலைந்துவிடும். இந்தச் சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டப்படி வரம்பு வையுங்கள் என யாரும் கேட்பதில்லை என்றே சொல்லலாம். ஆனால் அப்படிக் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

முதலில் இப்போது இருக்கிற வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு 2018 ஏப்ரல் 6 அன்று வெளியிட்ட அறிவிக்கைப்படி, விரைவுச்சாலையும் நடுவே தடுப்பு வைத்த நான்குவழிச் சாலையும் அல்லாத சாலைகளில் கார் 70 கி.மீ. வரை போகலாம், பஸ், லாரி, பைக் எல்லாம் 60, ஆட்டோ 50. அந்தப் பட்டியலில் கிராமத்துக்கு என்று தனிக் கட்டமே கிடையாது. அதாவது அங்கன்வாடி வாசலில் ஒரு கார் 65-இல் போனால், வேறு போர்டு எதுவும் இல்லாதவரை அது வேக வரம்பை மீறியதாகவே ஆகாது. ஆபத்தாக ஓட்டியதாக வேறு பிரிவில் வழக்குப் போடலாம், ஆனால் பெரும்பாலும் அடிபட்ட பிறகுதான் அந்தப் பிரிவே ஞாபகத்துக்கு வரும்.

இந்த 70, 60 எல்லாம் உச்சவரம்புதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112(2) என்ன சொல்கிறது என்றால், பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ சாலையின் தன்மையைப் பார்த்தோ, மாநில அரசு அல்லது அது அதிகாரம் கொடுத்த அலுவலர் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கோ சாலைக்கோ தனி வரம்பு வைக்கலாம். அரசிதழில் அறிவிக்க வேண்டும், பிரிவு 116-இன்படி சாலையில் போர்டும் வைக்க வேண்டும், இரண்டும் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிக்கைகூடத் தேவையில்லை. தேர்த் திருவிழா, பாலம் வேலை நடக்கும் சமயங்களில் இந்த விலக்கைச் சொல்லிக் கேட்கலாம், நல்ல ஆரம்பமாகவும் இருக்கும்.

போர்டு என்றதும் ஒன்று. ஊர் எல்லையில் நிற்கும் ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை வெறும் வேண்டுகோள்தான், அதை மீறினால் அபராதம் கிடையாது. சிவப்பு வட்டத்துக்குள் எண் போட்ட பலகைதான் கட்டளை. மனுவில் ‘எச்சரிக்கைப் பலகை வைக்கவும்’ என்று எழுதினால் எச்சரிக்கைப் பலகைதான் வரும், அதனால் ‘பிரிவு 112(2)-இன் கீழ் 30 கி.மீ. வேக வரம்பு’ என்று தெளிவாக எழுதுங்கள்.

அடுத்தது, சாலை யாருடையது? இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு கொடுத்தால் மூன்று அலுவலகம் அலைய வேண்டியிருக்கும். மைல் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை எல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை, கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஊராட்சி, ஊராட்சி ஒன்றியச் சாலைகள் ஊரக வளர்ச்சித் துறைப் பக்கம் வரும். சந்தேகம் இருந்தால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ஊராட்சித் தலைவரால் தானாக வேக வரம்பு வைக்க முடியாது. ஆனாலும் ஆரம்பிக்க வேண்டிய இடம் ஊராட்சிதான், ஏனென்றால் நாலு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானத்தில் எந்தச் சாலை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை (ஊர் முகப்பு வளைவிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை என்பது மாதிரி), நடுவில் பள்ளி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் என்னென்ன என்று வரட்டும். பதிவேட்டில் ஏறியதை உறுதிப்படுத்தி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் கலெக்டர்தான், காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், நெடுஞ்சாலைத் துறை எல்லாம் அந்த ஒரே கூட்டத்தில் உட்காருவதால், ‘குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கவும்’ என்று மனுவில் ஒரு வரி சேருங்கள்.

“உங்க ஊர் பிளாக் ஸ்பாட் லிஸ்ட்ல இல்லையே” என்று ஒரு பதில் வரலாம். பிளாக் ஸ்பாட் என்றால் விபத்து அடிக்கடி நடக்கும் இடம். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வைத்திருக்கும் கணக்கின்படி, சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து, அல்லது பத்து மரணம் நடந்திருந்தால்தான் அது பிளாக் ஸ்பாட். பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்க வேண்டுமா என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். 112(2)-இல் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை, பொதுமக்கள் பாதுகாப்பு என்ற காரணம் போதும். இருந்தாலும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி காவல் நிலைய விபத்து விவரம் வாங்கி இணைத்தால் மனு கனமாகும்.

வேகத்தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரவோடு இரவாகக் கான்கிரீட் கொட்டி மேடு போடுவது பைக்காரனைத்தான் கொல்லும். சாலைகளுக்குத் தர அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம்தான், மேலே வெள்ளைப் பட்டை, முன்னால் எச்சரிக்கைப் பலகை. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடையே கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலை, அங்கே வரம்பும் அதிர்வுப் பட்டைகளும்தான் கேட்க முடியும்.

ஏன் 30? 60-இல் வருகிற கார், ஓட்டுநர் சுதாரித்து பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ 37 மீட்டர் ஆகும், 30-இல் வந்தால் 13 மீட்டர் போதும். ‘பஸ் லேட்டாகும், பால் வண்டி லேட்டாகும்’ என்பவர்களிடம் கணக்கைக் காட்டுங்கள்: ஒன்றரைக் கிலோமீட்டர் நீள ஊரை 50-இல் கடப்பதற்கும் 30-இல் கடப்பதற்கும் வித்தியாசம் 72 விநாடி. சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு எல்லா வண்டிக்கும் 30 என்று அறிவித்தார்கள், பட்டணத்துத் தெருவுக்கு உண்டு என்றால் நம் ஊருக்கு ஏன் இல்லை? வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புச் சாலைகளில் 20 மைல், அதாவது 32 கி.மீ.தான் பொது வரம்பு. எதிர்த்து நாலரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது, சில சாலைகளைப் பழைய வரம்புக்கே திருப்பவும் வேண்டி வந்தது. அதனால் ஊர் முழுக்க என்று கேட்காமல், வீடுகளும் பள்ளியும் நெருக்கமாக இருக்கும் துண்டுக்கு மட்டும் கேட்பது நல்லது.

வரம்பு வந்துவிட்டால், மீறும் காருக்குப் பிரிவு 183-இன்படி 1,000 முதல் 2,000 ரூபாய், லாரி, பஸ் மாதிரிப் பெரிய வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை அபராதம். ஆனால் ‘வேகமாகத்தான் போனான், நான் பார்த்தேன்’ என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவியால் அளந்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே ரேடார் கன்னோடு போலீஸ் உங்கள் சாலைக்கு அவ்வப்போது வர வேண்டும் என்று எஸ்.பி. அலுவலகத்துக்குத் தனியாக இன்னொரு மனு கொடுங்கள், டிப்பர் லாரிகள் எந்த நேரத்தில் அதிகம் ஓடுகின்றன என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.