மல்யுத்தப் பயிற்சியாளரின் பணிக்காலமும் மாணவர்களின் உடல் எடையும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் முப்பது, நாற்பது ஆண்டுகள் மல்யுத்தம் கற்பித்து ஓய்வுபெறும் பயிற்சியாளர்களைப் பாராட்டும்போது, அவர்களின் அணிகள் பெற்ற வெற்றிகளும் மாநிலப் பட்டங்களும்தான் எண்ணிச் சொல்லப்படுகின்றன. மல்யுத்தத்தில் வீரர்கள் எடைப் பிரிவு வாரியாக மோதுவதால், குறைந்த எடைப் பிரிவில் இடம்பெறப் பலர் போட்டிக்கு முன் எடையைக் குறைக்க முனைவார்கள். இளம் வீரர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் என்ற முறையில், இந்த எடைக் குறைப்பைப் பற்றித் தாம் கற்று வந்த பழக்கங்களில் எவற்றை அவர்கள் கைவிட்டார்கள் என்பதையே நான் முதலில் கவனிக்கிறேன்.

1980-களில் பணியில் சேர்ந்தவர்களில் பலர், தங்கள் மாணவப் பருவத்தில் ரப்பர் உடை அணிந்து ஓடியும், எடை பார்க்கும் நாள்வரை தண்ணீரைத் தவிர்த்தும், அதையே மனவுறுதி என்று நம்பி வளர்ந்தவர்கள். வியர்வை ஆவியாக வழியில்லாத உடைக்குள் உடல் வெப்பம் வெளியேறாமல் ஏறிக்கொண்டே போகும்; நீரிழப்பால் இரத்தத்தின் கன அளவு குறையும்போது இதயமும் சிறுநீரகமும் ஒருசேரத் தடுமாறும். 1997-ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில், மூன்று கல்லூரி வீரர்கள் இப்படி எடையைக் குறைக்க முயன்று உயிரிழந்தனர். அதன் பிறகே கல்லூரி விளையாட்டில் ரப்பர் உடைக்கும் சானா அறைக்கும் தடை வந்தது.

உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதிகள், 2006-07 பருவத்திலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தபட்ச எடையை முன்கூட்டியே கணக்கிடச் சொல்கின்றன. உடல் கொழுப்பு மாணவர்களுக்கு 7 விழுக்காட்டுக்கும் மாணவியருக்கு 12 விழுக்காட்டுக்கும் கீழே போகும் எடையில் மோத முடியாது. பரிசோதனையின்போது சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உடலில் நீர் குறைந்தால் இது ஏறும்) 1.025-ஐத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைக்கவும் கூடாது. 150 பவுண்டு எடையுள்ள ஒருவருக்கு இது இரண்டேகால் பவுண்டுதான்.

ஆனால் இந்தப் பரிசோதனை பருவத் தொடக்கத்தில் நடப்பது. அதற்குப் பிந்தைய வாரங்களில் மாணவரை அன்றாடம் பார்ப்பவர் பயிற்சியாளர் ஒருவரே. சென்ற ஆண்டு 126 பவுண்டுப் பிரிவில் வென்ற மாணவன் இந்த ஆண்டு இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தாலும், அணியில் அந்த இடம் காலியாக இருப்பதால் அதே எடைக்கு இறங்க முனைகிறான். என்னிடம் வரும் களைத்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர்தாம். அவனை அடுத்த பிரிவுக்கு அனுப்பி, பழைய பிரிவின் புள்ளிகளை இழக்கத் துணியும் பயிற்சியாளரை நான் பெரிதும் மதிக்கிறேன். (பெற்றோரே மகனைப் பட்டினி போட்டு அழைத்துவருவதும் உண்டு, அவர்களை மறுக்கும் துணிவும் அவருக்கு வேண்டும்.)

தோல் தொற்றிலும் அனுபவம் இதே முறையில்தான் வெளிப்படுகிறது. 1989-இல் மின்னசோட்டாவில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் 175 வீரர்களில் 60 பேருக்கு, தோலில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ் தொற்றியது. அனுபவமுள்ள பயிற்சியாளர் பயிற்சிக்கு முன் முகத்தையும் கழுத்தையும் பார்த்து, கொப்புளமோ படர்தாமரையோ தெரிந்தால், முக்கியப் போட்டி நெருங்கினாலும் அந்த மாணவனை விலக்கிவைப்பார்.

எடை பார்க்கும் நாளுக்கு முன் உங்கள் பிள்ளையின் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் இருந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, தசைகள் இழுத்துப் பிடித்தாலோ, அன்றைய பயிற்சியை நிறுத்திப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அது வழக்கம்தான் என்று அவர் ஒதுக்கினால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.