மொட்டைக்கறுப்பன் ஏன் படுத்தது?

மட்டுவிலில் மொட்டைக்கறுப்பன் என்ற உயரமான பாரம்பரிய நெல் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தை மழைக்கு மொட்டைக்கறுப்பன் முழுக்கப் படுத்துவிட்டது. வரம்புக்கு அந்தப் பக்கம் கட்டை நெல் அப்படியே நிற்கிறது. அம்மா நாவூறு என்கிறா. உண்மையா?"

நாவூறு வரம்பு பார்த்தா நிற்கும்? உயரம்தான் காரணம். யூரியா கூடியிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும்.

உயரத்தைத் தருவது ஜிபரெலின் என்ற ஓமோன் என்று உயர்தரத்தில் படித்திருப்போம். 1926இல் தாய்வானில் வேலை செய்த யப்பானியர் எயிச்சி குரோசாவா, ஒரு பங்கசு சுரக்கும் பொருளால் நெல் நாற்று நெடுநெடுவென வளர்வதைக் காட்டினார். அந்தப் பொருளுக்குப் பின்னால் வந்த பெயர்தான் ஜிபரெலின்.

ஆனால் ஓமோன் நேரே தண்டை நீட்டுவதில்லை. வளர்ச்சிக்கான பரம்பரையலகுகளை இயக்கும் புரதங்கள் கலத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை டிஎன்ஏயில் போய் ஒட்டாதபடி டெல்லா என்ற இன்னொரு புரதம் மறித்து வைத்திருக்கிறது. அதில் அடுத்தடுத்து வரும் ஐந்து அமினோ அமிலங்களின் ஓரெழுத்துக் குறியீடுகளைச் சேர்த்து வாசித்தால் வருவதே அந்தப் பெயர்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். ஜிபரெலினை ஏற்கும் புரதத்தின் பெயர் ஜிஐடி1. அதைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, 2008இல் வடிவத்தைக் கண்டார்கள். நடுவில் ஆழமான ஒரு பை. ஜிபரெலின் அதற்குள் அமர்ந்ததும் புரதத்தின் முன்முனை மடிந்து மூடியாக விழுகிறது. டெல்லா வந்து ஒட்டுவது ஓமோனில் அல்ல, இந்த மூடியின் முதுகில். சோறு இருக்கும் பானையின் மூடியில் பூனை ஏறிப் படுப்பதுபோல. ஏறிய பூனைக்கு அதோடு முடிந்தது கதை: யூபிகுயிட்டின் என்ற சிறுபுரதம் முத்திரையாக விழும், கலத்தின் சிதைப்புக்கூடம் டெல்லாவைத் துண்டாக்கிவிடும். மறிப்பு விலக, தண்டு நீளும்.

இந்த ஜிஐடி1இன் சாயல் கொழுப்பை வெட்டும் ஒரு நொதியக் குடும்பத்துடையது. வெட்டுவதற்கு மூன்று அமினோ அமிலங்கள் வேண்டும். இதில் ஒன்று, ஹிஸ்ரிடீன், மாறிப்போய்விட்டது. வெட்டத் தெரியாது, பிடிக்க மட்டும் தெரியும். மழுங்கிய பாக்குவெட்டியை எறிய மனமில்லாமல் குறடாகப் பாவித்த என் அப்பாச்சியின் வேலைதான் இது.

சரி, கட்டை நெல்? 1966இல் வந்த ஐஆர்8 என்ற கட்டை நெல்லினத்திலும் அதன் வழிவந்த இனங்களிலும் ஜிபரெலின் தயாரிக்கும் நொதியம் ஒன்று பழுது. ஓமோன் குறைவு, மூடி அடிக்கடி விழாது, டெல்லா மிஞ்சுகிறது. கட்டைக் கோதுமையில் கதை வேறு: ஓமோன் தாராளம், மூடியும் விழும், ஆனால் அதில் ஒட்டவேண்டிய துண்டு டெல்லாவில் இல்லை.

உங்கள் பக்கத்து வயல் பெரும்பாலும் முதல் வகை. வைக்கோல் காணாது என்று மாடு வைத்திருப்பவர்கள் முறையிடுவதும் இதே பழுதால்தான்.