முன்னேற்றப் பட்டையும் அதன் பக்கத்துச் சொற்களும்

செயலிக் கடையில் 'நிறுவு' பொத்தானை அழுத்துகிறோம். பட்டை விறுவிறுவென்று நிரம்பி 100 சதவீதத்தைத் தொடுகிறது. அப்புறம் இரண்டு நிமிடம் அசைவே இல்லை. சிக்கிக்கொண்டதோ என்று நினைத்து ரத்து செய்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது நான் மட்டுமாக இருக்காது. உண்மையில் நிரம்பியது பதிவிறக்கம் மட்டும்தான். கோப்பைச் சரிபார்ப்பது, பிரிப்பது, உரிய இடத்தில் வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. இப்போது எந்த வேலை ஓடுகிறது என்று பட்டையால் சொல்ல முடியாது. அதைப் பக்கத்தில் உள்ள சொல்தான் சொல்ல வேண்டும்.

புரோகிரஸ் பார் என்பதற்கு 'முன்னேற்றப் பட்டை' நன்றாகவே நிலைத்துவிட்டது. கருவிப்பட்டை, உருள்பட்டை என்று அதற்கு உறவுகளும் உண்டு. புரோகிரஸின் இலத்தீன் மூலத்துக்கு முன்னோக்கி அடியெடுத்து வைப்பது என்று பொருள். தமிழில் அது ஏற்றமாகிவிட்டது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த பிராட் மையர்ஸ், எத்தனை சதவீதம் முடிந்தது எனக் காட்டும் குறிகளைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்று 1985-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

அடுத்தது இன்ஸ்டால். இடைக்கால இலத்தீனில் இது திருச்சபைச் சொல். பதவி ஏற்பவரை அவருக்குரிய இருக்கையில் அமர்த்துவதைக் குறித்தது. நம் 'நிறுவு' நில் என்பதோடு உறவுடைய சொல். நிற்கச் செய் என்பதே அதன் பொருள். நிறுவனமும் அதிலிருந்து வந்ததுதான். அங்கே உட்காரவைத்தார்கள், இங்கே நிற்கவைக்கிறோம்!

அப்டேட்டுக்கு இரண்டு சொற்கள் போட்டியில் இருக்கின்றன. 'புதுப்பி' எல்லோருக்கும் புரியும். ஆனால் சந்தாவையும் புதுப்பிக்கிறோம், உரிமத்தையும் புதுப்பிக்கிறோம். சந்தா விற்கும் அதே கடையில் 'புதுப்பி' என்று ஒரு பொத்தான் இருந்தால், பணம் கேட்கப்போகிறதோ என்ற தயக்கம் வரும். 'இற்றைப்படுத்து' என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. இற்றை என்றால் இன்றைய. புறநானூற்றின் 112-ஆம் பாட்டில் பாரி மகளிர் 'அற்றைத் திங்கள்', 'இற்றைத் திங்கள்' என்று அன்றையும் இன்றையும் எதிரெதிரே வைக்கிறார்களே, அதே இற்றை. பழைய பதிப்பை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. முதலில் கேட்கும்போது கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும்.

இனி வினைமுற்றுக்கு வருவோம். மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான். பட்டைக்குக் கீழே வெறுமனே 'நிறுவல்' என்று போட்டால் அது தொடங்கப்போகிறதா, நடக்கிறதா, முடிந்ததா? பெயர்ச்சொல் காலம் காட்டாது. 'நிறுவுகிறது' என்றாலோ, அந்தச் செயலியே வேறு எதையோ நிறுவுவதுபோல ஒலிக்கிறது. 'நிறுவப்படுகிறது' நீளம்தான், ஆனாலும் தெளிவு. பதிவிறக்கத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. இறக்கு, இறங்கு என்று பிறவினையும் தன்வினையும் தமிழில் ஜோடியாகவே இருக்கின்றன. பொத்தானில் 'பதிவிறக்கு', பட்டையில் 'பதிவிறங்குகிறது'. முன்னது நாம் செய்வது, பின்னது தானாக நடப்பது. பேச்சிலும் 'இறங்கிட்டிருக்கு' என்றுதானே சொல்கிறோம்?

வேறு செயலிகள் முடியட்டும் என்று காத்திருக்கும்போது 'நிலுவையில் உள்ளது' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. நிலுவை என்றதும் கடன் பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. 'வரிசையில் உள்ளது' என்றால் போதும். எல்லாம் முடிந்த பிறகு பட்டை மறைந்து, அந்த இடத்தில் 'திற' என்று வர வேண்டும். 'நிறுவல் வெற்றிகரமாக நிறைவடைந்தது' என்று முரசு கொட்ட வேண்டியதில்லை.