மரச்சீனியை ஏன் இரண்டு முறை வடிக்கிறோம்?

குமரி மாவட்டத்துக் களியக்காவிளையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் வாசகி ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அவருடைய மாமியார் மரச்சீனியை வேகவைக்கும்போது முதல் கொதியில் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீர் ஊற்றி மறுபடியும் வேகவைக்கிறாராம். கிழங்கு தின்ற அன்று இஞ்சி தட்டிப்போட்ட சாயாவை யாருக்கும் கொடுக்கமாட்டாராம். வடித்த தண்ணீரைக் கஞ்சித்தண்ணீரைப் போல மாட்டுத் தொட்டியில் ஊற்றவும் விடமாட்டாராம். இவற்றில் எது அறிவு, எது வெறும் நம்பிக்கை என்று அவர் கேட்கிறார். மூன்றில் இரண்டுக்கு வேதியியலின் முழுத் துணை உண்டு.

பிற மாவட்டத்தார் மரவள்ளி என்றும், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் கப்பை என்றும் சொல்லும் இந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது, அன்று திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த நம் கல்குளம், விளவங்கோடு ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது இந்தக் கிழங்கால்தான். அவ்வளவு நன்றிக்குரிய கிழங்கில் சயனைடு இருக்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். சரியாகச் சொன்னால், பறித்த கிழங்கில் சயனைடு ஏறக்குறைய இல்லை. அதை உண்டாக்குவதற்கான இரண்டு பொருள்கள் தனித்தனியே காத்திருக்கின்றன.

என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது இந்த ஏற்பாடுதான். மரச்சீனிச் செடி, வேலின் என்ற அமினோ அமிலத்திலிருந்து லினமாரின் என்ற பொருளைத் தன் இலைகளில் ஆக்கி, வேருக்கு அனுப்பிவைக்கிறது. லினமாரின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு சயனைடு அலகு உண்டு. ஆனால் அதன்மேல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு மூடியைப் போல இறுகப் பொருந்தியிருப்பதால் அது செடியை ஒன்றும் செய்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழில் இந்த லினமாரின் கரைந்து கிடக்கிறது. அந்த மூடியைக் கழற்றத் தெரிந்த நொதியான லினமாரேஸோ, செல்லுக்கு வெளியே செல்சுவரில் தங்கியிருக்கிறது. ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இருந்தும், நடுவில் உள்ள மெல்லிய சவ்வுகளால் இவை ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. எலியோ பெருச்சாளியோ கிழங்கைக் கடிக்கும்போது, அல்லது நாம் கத்தியால் நறுக்கும்போது, சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. நொதி குளுக்கோஸ் மூடியைக் கழற்றுகிறது. மிஞ்சும் அசிட்டோன் சயனோஹைட்ரின் நிலையற்ற பொருளாதலால், அமிலத்தன்மை குறைவாகவோ வெப்பம் 35 டிகிரிக்கு மேலாகவோ இருந்தால் தானாகவே உடைந்து, அசிட்டோனாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் பிரிகிறது. காயம்படாத செல்லில் நஞ்சு இல்லை. கடித்தவன் வாயில்தான் அது பிறக்கிறது. வெங்காயத்தை அரியும்போது கண் எரிவதும், கடுகை அரைக்கும்போது மட்டும் காரம் ஏறுவதும் இதே இரண்டறை ஏற்பாட்டின் வேறு வடிவங்களே.

இனி அடுப்புக்கு வருவோம். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள். ஆகவே வேகவைத்தால் எல்லாம் போய்விடும் என்று பலர் எழுதுகிறார்கள். இது பாதி உண்மை. பிறந்துவிட்ட சயனைடு ஆவியாகும் என்பது சரி. ஆனால் அதைப் பிறப்பிக்கும் லினமாரேஸ் நொதி ஒரு புரதம், சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் செயலிழக்கத் தொடங்கிவிடும். லினமாரினோ கொதிநீரின் சூட்டைத் தாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். பெரிய துண்டுகளைத் தளதளவென்று கொதிக்கும் நீரில் ஒரேயடியாகப் போட்டால், நொதி தன் வேலையைச் செய்யுமுன் அழிந்துவிட, லினமாரின் கிழங்குக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு அதை வெளியேற்ற ஒரே வழி, அது தண்ணீரில் எளிதாகக் கரையும் என்ற குணத்தைப் பயன்படுத்துவதுதான். துண்டுகள் சிறியவையாகவும் தண்ணீர் தாராளமாகவும் இருந்தால் லினமாரின் நீருக்குள் இறங்குகிறது. அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றினால் மீதியும் இறங்குகிறது. வாசகியின் மாமியார் செய்வது இதைத்தான், அவர் செய்வது முற்றிலும் சரி. சதையைவிடத் தோலில் லினமாரின் பலமடங்கு அதிகம் என்பதால், வெளித்தோலோடு உட்பட்டையையும் சீவி எறியும் வழக்கமும் சரியே. குக்கரில் குறைந்த நீரில் வேகவைத்து அந்த நீரையும் வற்றவிடும் புதுப்பழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

எல்லாக் கிழங்கும் ஒன்றல்ல. உணவுப்பொருள் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவான சயனைடு தருவதை இனிப்பு வகை என்று கொள்கிறது; கசப்பு வகைகளில் இது பல நூறு மில்லிகிராம் வரை போகும். நாம் வீட்டில் தின்பவை பெரும்பாலும் இனிப்பு வகைகள். எனினும் மழை பொய்த்த ஆண்டில் அதே செடியின் கிழங்கில் லினமாரின் ஏறிவிடும் என்பதையும், கசந்த கிழங்கைத் தின்னாமல் விடுவதே நல்லது என்பதையும் மறக்கக்கூடாது.

சிறிதளவு சயனைடு எப்படியும் உள்ளே போகிறதே, அதற்கு உடல் என்ன செய்கிறது? செல்லுக்குள் ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைச் சயனைடு பிடித்து முடக்குவதால், அளவு மிகுந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்கள் மூச்சடைத்துச் சாகும். குறைந்த அளவை நம் கல்லீரல் சமாளிக்கிறது. 1933இல் லாங் என்ற ஆய்வாளர் கண்டறிந்த ரோடனேஸ் என்ற நொதி, சயனைடுடன் ஒரு கந்தக அணுவை இணைத்துத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. அந்தக் கந்தகம் வருவது நாம் உண்ணும் புரதத்திலுள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து. கிழங்கிலோ புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். மேலும் தயோசயனேட், அயோடின் தைராய்டு சுரப்பிக்குள் நுழைவதைத் தடுக்கும் குணமுடையது. கந்தகம் வேண்டும், அயோடினும் வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் தருவது கடல்மீன். குளச்சல் கரையில் வந்திறங்கும் சாளையைக் குடம்புளியிட்டுக் குழம்பாக்கி மரச்சீனியோடு தின்றவர்கள் சுவைக்காகவே தின்றார்கள். ஆனால் அந்தச் சேர்க்கையைவிடப் பொருத்தமான ஒன்றை ஓர் உயிர்வேதியியலாளரால் பரிந்துரைக்க முடியாது.

அந்தத் துணை இல்லாத இடத்தில் நேர்ந்ததை ஆப்பிரிக்கா காட்டியது. 1938இல் காங்கோவில் பணியாற்றிய ட்ரோல்லி என்ற மருத்துவர், திடீரெனக் கால்கள் விறைத்துப்போகும் நோயை விவரித்தார். யாக்கா மொழியில் ‘கட்டப்பட்ட கால்கள்’ என்று பொருள்படும் ‘கோன்சோ’ என்பது அதன் பெயர். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் வறட்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இது தாக்கியது. பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. கசப்புக் கிழங்கு, நஞ்சு நீக்கும் அளவுக்கு ஊறவைக்கப் பொறுமை இல்லாத பசி, புரதமே இல்லாத உணவு ஆகிய மூன்றும் சேர்ந்தபோது வந்த துன்பம் அது.

இஞ்சிக்கு வருகிறேன். மரச்சீனி தின்று இஞ்சி தின்றால் உயிர் போய்விடும் என்ற செய்தி ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. கோட்டயம் பக்கம் செய்யும் கப்பைப் பிரியாணியில் கிழங்கு, இறைச்சி, இஞ்சி மூன்றும் ஒரே பாத்திரத்தில் வேகின்றன. தின்றவர்கள் நலமாக இருக்கிறார்கள். நம்பிக்கை பிறந்த விதத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. சரியாக வேகாத கிழங்கைத் தின்றவருக்கு முதலில் வருவது குமட்டலும் தலைச்சுற்றலும். அவர் செரிமானக் கோளாறு என்றெண்ணி இஞ்சிக் கஷாயம் குடித்திருப்பார். நிலைமை மோசமானதும் கடைசியாகக் குடித்ததன்மேல் பழி விழுந்திருக்கும். இந்த நம்பிக்கை தீங்கற்றது என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இஞ்சியை விலக்கியவர், வடிக்காத கிழங்கைத் துணிந்து தின்பார். குமட்டல் வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், இஞ்சி தின்றாரா என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில், மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இயங்கிவருகிறது. அங்குள்ளவர்கள் மரச்சீனி இலையிலும் தோலிலும் உள்ள இதே சயனைடுச் சேர்மங்களைப் பிரித்தெடுத்து, வாழைத்தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்கு எதிராக ‘நன்மா’, ‘மேன்மா’ என்ற உயிரிப் பூச்சிக்கொல்லிகளை ஆக்கியிருக்கிறார்கள். வாழையும் மரச்சீனியும் அடுத்தடுத்து நிற்கும் நம் விளைகளுக்கு இதைவிட உதவியான ஆய்வு எது? நெல்லுக்கும் கோதுமைக்கும் தரும் கவனத்தில் ஒரு சிறு பங்கையாவது கிழங்கு ஆராய்ச்சிக்குத் தரவேண்டும் என்று நான் நெடுங்காலமாக எண்ணிவருகிறேன். சயனைடு பட்டால் மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறும் பிக்ரேட் தாளைக் கொண்டு வட்டாரந்தோறும் கிழங்கைச் சோதிக்க ஓர் ஏற்பாடு செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

கடைசிக் கேள்வி மாட்டுத் தொட்டி. முதல் கொதியில் வடித்த நீரில் கிழங்கின் லினமாரின் கரைந்து நிற்கிறது, அதைப் பிரிக்கும் நொதி மட்டும் வெந்துபோயிருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையிலும் ஆட்டின் இரைப்பையிலும் வாழும் நுண்ணுயிரிகளிடம் அந்த மூடியைக் கழற்றும் நொதி ஏராளம். மரச்சீனி இலையை மேய்ந்த ஆடு சற்று நேரத்தில் துடித்து விழுவதற்கு அதுவே காரணம். அந்த நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மண்ணில் கொட்டச் சொல்லும் உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள். சீவிய தோலையும் ஆடு எட்டாத இடத்தில் போடுங்கள். மாலையில் அவருக்கு இஞ்சி போட்டே ஒரு சாயா கொடுங்கள்.