கேள்வியே உருவாகாதபோது விடையைத் தேடுவது எப்படி?

‘எதைத் தேடுகிறோம் என்பதே தெளிவில்லாதபோது தேடுபொறியில் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சேமித்து வைத்த ஆவணங்களிலிருந்து தேவையானதைத் தேடி எடுப்பதை ஆராயும் தகவல் மீட்புத் துறையில், தேடுபவரின் அறிவுநிலையை மையமாக வைக்கும் அறிதிறன் சார்ந்த அணுகுமுறைக்கு மூலமே இந்தச் சிக்கல்தான்.

பயனர் தரும் சொற்களை ஆவணங்களில் உள்ள சொற்களோடு பொருத்தி, அதிகம் பொருந்துபவற்றை முதலில் காட்டுவது வழக்கமான முறை. தேடுபவருக்குத் தம் தேவையைச் சொல்லத் தெரியும் என்று அது நம்புகிறது. அறிவில் ஓர் இடைவெளி இருப்பதால் தேட வருபவர், அந்த இடைவெளியை மட்டும் எப்படித் துல்லியமாக விவரிப்பார் என்று 1980இல் தகவல் அறிவியலாளர் நிக்கலஸ் பெல்கின் எழுப்பிய கேள்வி அந்த நம்பிக்கையை அசைத்தது.

பெல்கினும் ராபர்ட் ஆடியும் ஹெலன் புரூக்ஸும் 1982இல் வெளியிட்ட ஆய்வில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. தேடுசொற்களைக் கேட்பதற்குப் பதிலாக, பயனரைத் தம் பிரச்சினையை அவர் போக்கிலேயே விவரிக்கச் செய்து, அந்தப் பேச்சில் அருகருகே வரும் சொற்களுக்கு இடையே வலுவான இணைப்பும் தள்ளி வருபவற்றுக்கு மெல்லிய இணைப்பும் கொடுத்து, ஒரு வலையை வரைந்தார்கள். வீட்டு ஃபேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, கையால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றுகிறது, கரண்ட் சரியாகத்தான் வருகிறது, மற்ற விளக்குகள் எரிகின்றன’ என்று ஒருவர் சொல்கிறார். வலையில் ‘உறுமுகிறது, தள்ளினால், மெதுவாக’ என்பவை ஒரு கொத்தாகவும், ‘கரண்ட், விளக்கு’ என்பவை இன்னொரு கொத்தாகவும் திரளும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய வெற்றிடம். அவருடைய அறியாமையின் வடிவமே அந்த வெற்றிடம். ஃபேன் மோட்டார் சுழலத் தொடங்க உதவும் மின்பாகமான ‘கண்டென்சர்’ என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. ஆனால் மின்சாரத்தையும் சுழற்சியையும் கண்டென்சர் வழியாக இணைத்துப் பேசும் ஆவணம்தான் அவருக்குத் தேவை. ஆவணச் சுருக்கங்களுக்கும் இதே போன்ற வலை வரையப்படுவதால், பயனரின் வலையை அப்படியே ஒத்திருப்பதை விட்டுவிட்டு, அதன் இடைவெளியை நிரப்பக்கூடியதைத் தேட வழி பிறக்கிறது.

அந்த ஆய்வுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆய்வுப் பிரிவு நிதி அளித்தது. தமிழில் மக்கள் தங்கள் பிரச்சினைகளை எப்படி விவரிக்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்து ஆராய்வதற்கும் இத்தகைய பொது நிதி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூல்களை மின்னாக்கம் செய்வது மட்டும் போதாது, அவற்றைத் தேடி வருபவரின் மனநிலையும் நமக்குத் தரவாக வேண்டும்.

முதல் ஆவணத்தைப் படித்ததுமே பயனரின் அறிவு மாறிவிடுகிறது. ஆகவே ஒருமுறை வரைந்த வலை நிலையானதன்று. ஒவ்வொரு வாசிப்புக்குப் பிறகும் அவரிடம் மீண்டும் கேட்டு, அதைத் திருத்தி வரைந்துகொண்டே இருக்க வேண்டும்.